புளியங்கேணிப் பள்ளிக்கு வந்த தட்டிகள்

ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு நடத்தினால் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு வரும் என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தர்கூட அந்தக் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன், நின்றிருக்கிறேன், தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். படிப்பு வரும். நன்றாகவே வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையும் கொஞ்சம் உண்டுதான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

சுந்தரபாண்டியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, பருத்திக் காட்டு வழியாக நடந்தால் புளியங்கேணி வரும். அங்கே ஓடு வேய்ந்த ஒரே கூடம்தான் பள்ளிக்கூடம். மேற்குச் சுவரில் ஒரு கரும்பலகை, கிழக்கே முக்காலியில் சாய்த்து வைத்த இன்னொன்று. தலைமையாசிரியர் சக்ரபாணி சார் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் மேற்கே பார்த்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் கிழக்கே என் பொறுப்பு. என் பெயர் மைமூன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதின் மகள். சாருக்கும் அதே ஊர், ஆண்டாள் கோயிலை ஒட்டிய தெரு. ஒரே பஸ்ஸில்தான் வருவோம். பஸ்ஸில் பேசிக்கொள்ள மாட்டோம். பள்ளிக்கூட வாசலை மிதித்த பிறகுதான் எங்கள் சண்டை ஆரம்பமாகும்.

சார் நல்ல மனுஷர். பிள்ளைகளை அடிக்க மாட்டார், பாடத்தை ஏமாற்ற மாட்டார். ஆனால் மேலதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கை கால் ஓடாது.

எங்கள் வாரம் திங்கட்கிழமை நகத்தில் ஆரம்பித்து வெள்ளிக்கிழமை சாணியில் முடியும். திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் எல்லாரும் கையை நீட்ட வேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தால் கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மண் தரையைச் சாணி போட்டு மெழுகுவார்கள். பெண் பிள்ளைகள்தான் மெழுக வேண்டும் என்று நான் வருவதற்கு முன்னால் வழக்கம் இருந்தது. நான் வந்த முதல் வாரமே பையன்கள் கையிலும் சாணியைக் கொடுத்தேன். ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். தரை காய்ந்ததும் மதியம் மாணவர் மன்றம். பாட்டு, பேச்சு, நாடகம் என்று ஓடு பறக்கும்.

இதற்கு நடுவில் எங்கள் பள்ளிக்கே உரிய ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் கை கொடுக்கிறது. யாராவது பலகை முன்னால் நின்று கணக்குப் போடும்போதோ பாடம் வாசிக்கும்போதோ தடுமாறி நின்றுவிட்டால், கூடத்தில் எந்த வகுப்புப் பிள்ளையும் கையைத் தூக்கலாம். நாங்கள் தலையசைத்ததும் எழுந்து போய், தடுமாறிய பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விடையைச் சொல்லக் கூடாது. விட்டுப்போன அந்த ஒரு படியை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, மிச்சத்தைத் தானே போட்டு முடிக்க வேண்டும். அதுவரைக்கும் கை கொடுத்தவர் நகரக் கூடாது.

இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேர் ஐந்து இடத்தில் நிற்க முடியாது, அதனால் தானாக வந்தது. முதலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் சின்னவர்களுக்குக் கை கொடுத்தார்கள். பிறகு கீழே இருந்து மேலேயும் கை வர ஆரம்பித்தது. மேற்கே சார் சத்தம் போட்டு நடத்தும் பெருக்கலை, கிழக்கே எழுதிக்கொண்டிருக்கும் வாண்டுகளின் காது தின்றுகொண்டே இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் சிலேட்டைப் பிடிப்பதற்கு முன்பே தமிழைப் பிடித்துக்கொண்டதும் இப்படித்தான்.

அந்த எண்பத்தேழாம் வருஷம் எங்கள் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஆபத்து வந்தது. ஒரே கூடம், இரண்டே ஆசிரியர்கள், அதனால் மேல் வகுப்புகள் இரண்டையும் எடுத்துச் சுந்தரபாண்டியத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மேலே ஒரு யோசனை. அதிகாரி ஆய்வுக்கு வந்து பார்த்து முடிவு சொல்வார். பையன்களுக்கு இதில் கவலையில்லை, ஓடையைத் தாண்டி ஓடிவிடுவார்கள். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?

நாலாம் வகுப்பில் கருத்தம்மாள் என்று ஒரு பெண். கூடத்தில் யார் தடுமாறினாலும் முதலில் எழும் கை அவளுடையது. அவள் அப்பா பேச்சிமுத்து தென்னந்தோப்புகளில் வேலை பார்ப்பவர், தென்னோலையில் கிடுகு முடைவதில் கெட்டிக்காரர். புரட்டாசி பிறந்ததுமே என்னை வழியில் நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், இங்கனயே இருந்தாப் படிக்கட்டும். சுந்தரபாண்டியம்னா ஓடையத் தாண்டிப் பொம்பளப் பிள்ளைய அனுப்ப மாட்டேன். ஆபீஸ் பஸ்ஸு வீட்டு வாசல்ல வந்து நிக்கி. ஐப்பசி பொறந்தா ஏத்தி விட்ருவேன்."

ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை. தீப்பெட்டி செய்யும் இடத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். விடியுமுன் பஸ் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும்.

"ஒன்பது வயசுப் பிள்ளைய அனுப்பிட்டு உமக்குச் சோறு எறங்குமா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இங்க இருந்தாலும் அது பாதி நாளுதான படிக்கி. மத்தியானம் சாப்பிட்டதும் வீட்டுக்கு ஓடியாந்திருது. ஒதுங்க எடமில்லங்கு. பெருசாக ஆக அதுவும் நின்னு போகும். பொறவு என்ன?"

அவர் சொன்னது உண்மை. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும் என்று நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாரிடம் கேட்டேன், ஊர்க்காரர்களிடம் கேட்டேன். பார்க்கலாம் டீச்சர் என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை நகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தபால் வந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வு. சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. முந்தின சனிக்கிழமைதான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்குப் போய் மலைமேல் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தார். அந்தத் தெம்பெல்லாம் ஒரு தபாலில் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு யோசனையோடு வந்தார். "டீச்சர், நம்ம குறை என்ன, தனித்தனி வகுப்பறை இல்லேங்கறதுதானே? தட்டி வச்சு மறைச்சுட்டா மூணு ரூமா ஆயிடும். பார்க்கறவாளுக்கு லட்சணமா இருக்கும்."

"பிள்ளைகளுக்கு?"

"ஒரு நாள் கூத்துதானே டீச்சர்."

ஒரு நாள் கூத்து என்றதும் நானும் விட்டுவிட்டேன். தட்டி கட்டப் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். இத்தனை நாளாக ஒரு மறைப்புக்கு நான் கேட்டபோது ஊரில் ஒரு கிடுகு கிடையாது. அதிகாரி வருகிறார் என்றதும் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் மூங்கில், கயிறு, கிடுகு எல்லாம் வந்து இறங்கின. எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு எத்தனை சாக்பீஸ் ஒடிந்தது என்று கேட்கக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் கூடம் மூன்று அறைகளாக இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சார் உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா நடப்பதுபோல நடந்தார். எனக்குத்தான் ஏதோ சரியில்லை. என் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் தடுமாறி நின்று, பக்கவாட்டில் திரும்பி, தட்டியைப் பார்த்தார்கள். தட்டி என்ன சொல்லும்?

"சார், பிள்ளைகள் ஊமையாப் போச்சுக. தட்டிய எடுத்துருவோம்," என்று இடைவேளையில் சொன்னேன்.

"புது இடம் மாதிரி இருக்கு, அதான். நாளைக்குப் பழகிடும்," என்றார் அவர்.

பழகவில்லை. வெள்ளிக்கிழமை தரை மெழுகிய ஈரம் காய்வதற்குள் அதிகாரி வந்துவிட்டார். ஸுந்தரராஜன் என்று பெயர். ஒல்லியான ஆள், மெதுவான பேச்சு. குறை கண்டுபிடிக்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை; அதுவே சாரை இன்னும் பயமுறுத்தியது. கருத்தம்மாளின் அப்பா உட்பட ஊர்க்காரர்கள் சிலர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்கள். பேச்சிமுத்து இடுப்பில் தோப்பு வேலைக்கான பாளைக்கத்தி. வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"கொஞ்சம் இருட்டா இருக்கே," என்றபடி அதிகாரி முதல் தட்டிக்குள் நுழைந்தார். ஒன்றும் இரண்டும் அங்கே இருந்தன. ஒரு சின்னப் பெண்ணை எழுப்பி ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டார். தினம் பாட்டாகப் பாடுகிற பிள்ளை. இடது பக்கம் பார்த்தது, தட்டி. வலது பக்கம் பார்த்தது, சுவர். வாயில் விரலை வைத்துக்கொண்டது. அடுத்த பிள்ளையும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பில் வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி ஓடி, மூன்றாவது வரியில் வண்டி நின்றது. அதிகாரி பேனாவை எடுத்தார். நான் அவர் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசி அறை மேற்கே, நாலும் ஐந்தும். சார் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கருத்தம்மாளை எழுப்பினார்.

"ஒரு தோப்புல இருபத்து நாலு வரிசை. வரிசைக்குப் பதினாறு தென்னை. மொத்தம் எத்தனை?" என்றார் அதிகாரி.

எங்கள் பிள்ளைகள் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் போடுவார்கள். கருத்தம்மாள் கணீரென்று ஆரம்பித்தாள். இருபத்து நாலையும் ஆறையும் பெருக்கி நூற்று நாற்பத்து நாலு என்று எழுதினாள். அடுத்து இருபத்து நாலை ஒன்றால் பெருக்கினாள். இருபத்து நாலு என்று சொல்லி, அதை நாற்பத்து நாலுக்கு நேர் கீழே எழுதினாள். எழுதியதும் அவளுக்கே ஏதோ இடறிவிட்டது. சாக்பீஸ் நின்றது. சத்தமும் நின்றது. பக்கத்தில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகாரிக்குப் பயந்து கையைத் தூக்கவில்லை.

ஜன்னலில் பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் மகள் நின்றுவிட்டது தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். இதோ என் கண் முன்னால் இந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறுகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது மூன்றாம் வகுப்புப் பக்கத்துத் தட்டியின் கிடுகு இடுக்கு வழியாக ஒரு சின்னக் கை வெளியே வந்தது. முழங்கை வரைக்கும் வந்து, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

அதிகாரி அந்தக் கையையே பார்த்தார். "என்ன சார் இது?"

சார் துண்டை மறுபடி கழுத்துக்குக் கொண்டுபோனார். கை உள்ளே போயிற்று. செத்த நேரத்தில் தட்டியின் அடியில் ஒரு தலை முளைத்தது. இரண்டாம் வகுப்புச் சுப்புராஜ். மூன்றாம் வகுப்பைத் தாண்டி ஊர்ந்து வந்திருக்கிறான். தோள் சிக்கிக்கொண்டது, முன்னாலும் வர முடியாமல் பின்னாலும் போக முடியாமல் கிடந்தான்.

"ஏலே, என்னலே பண்ணுத?" என்றேன்.

"கை குடுக்க வந்தேன் டீச்சர். பக்கத்துல போயி நிக்கணும்லா," என்றான் தரையிலிருந்து.

அவன் சொன்னது நியாயம். அதுதான் எங்கள் சட்டம். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேரே போய்த் தட்டியின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "டீச்சர், வேண்டாம்," என்று சார் ஈனக்குரலில் சொன்னது காதில் விழுந்தது. விழாதது மாதிரி இருந்துவிட்டேன். முடிச்சு மசியவில்லை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"விடுங்க டீச்சர். அது நான் போட்ட முடிச்சு." பேச்சிமுத்து உள்ளே வந்திருந்தார். பாளைக்கத்தியால் ஒரு வெட்டு. தட்டி சாய்ந்ததும் அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். அடுத்த தட்டியையும் அப்படியே அறுத்தார். கூடத்துக்குள் வெளிச்சம் வந்தது. ஐந்து வகுப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல எல்லா முகத்திலும் ஒரு சிரிப்பு.

சுப்புராஜ் எழுந்து, வயிற்றில் ஒட்டிய சாணி ஈரத்தோடு கருத்தம்மாள் பக்கத்தில் போய் நின்றான். "பத்தாம் இடத்துக்குப் போனா ஒரு பூஜ்யம் வையி," என்றான். தினம் சார் சொல்லும் அதே ராகம்.

"பத்தாம் இடத்துக்குப் போனா ஒரு பூஜ்யம் வைக்கணும்," என்று கருத்தம்மாள் திருப்பிச் சொன்னாள். அழித்தாள். பூஜ்யம் வைத்தாள், இருநூற்று நாற்பது என்றாள், கூட்டினாள். "முந்நூத்தி எம்பத்து நாலு மரம்."

உண்மையைச் சொல்ல வேண்டும். சுப்புராஜுக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியாது. அந்த ஒரு படிதான் தெரியும். அன்றைக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு படிதான்.

நான் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை கொடுக்கிறது என்றால் என்ன, தட்டி எதற்காக வந்தது, யாருக்கு மூச்சு முட்டியது, எல்லாம். சார் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. பக்கத்துல ஆள் இருந்தாத்தான் வரும்னா, தனியா நிக்கும்போது என்ன செய்யும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். "கேட்டுப் பாருங்க சார். யாரும் கை தூக்க மாட்டாங்க," என்றேன். கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். சுப்புராஜ் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டான்.

"முப்பத்தேழு வரிசை. வரிசைக்கு இருபத்தஞ்சு," என்றார் அதிகாரி.

கருத்தம்மாள் அவசரப்படவில்லை. ஐந்தால் பெருக்கி நூற்று எண்பத்தைந்து எழுதினாள். அடுத்த வரிக்கு வந்ததும் சாக்பீஸ் நின்றது. அவள் பக்கவாட்டில் திரும்பவில்லை. முதலில் பூஜ்யத்தைப் போட்டாள், பிறகு எழுபத்து நாலை அதன் முன்னால் எழுதினாள். "தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு," என்று சொல்லிவிட்டு, சாக்பீஸைப் பலகை ஓரத்தில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்ததை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அதன் பிறகு அதிகாரி நாற்காலியை நடுக்கூடத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தார். ஏழும் எட்டும் கேட்டார், பதினைந்து என்று பறந்தது. மூன்றாம் வகுப்பு விட்ட இடத்திலிருந்து வாசித்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறியபோது ஐந்தாம் வகுப்புப் பையன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான். மதியம் மாணவர் மன்றத்துக்கும் இருந்தார். போகும்போது சாரிடம் சொன்னார்: "நாலும் அஞ்சும் இங்கேயே நடக்கட்டும்னு எழுதறேன். மேலே நான் பேசிக்கறேன். தட்டி யோசனை யாரோடது?"

"என்னோடதுதான்," என்றார் சார். பயந்த மனுஷர், ஆனால் பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன், முக்கால்வாசி.

அதிகாரி எழுதிவிட்டால் போதுமா? பேச்சிமுத்து எழுத வேண்டுமே. பஸ்ஸை நிறுத்தும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை, அவருக்குத்தான் உண்டு. நான் அவரைத் தேடினேன். கூடத்தில் இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தட்டிகளும் இல்லை. கொடுத்த கிடுகைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி எரிச்சல் ஏறியது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கு அப்பால், வேப்பமரத்துக்குப் பின்னால், அறுத்துப் பிரித்த தட்டிகள் மூன்று பக்கமாகச் சாய்ந்து நின்றன. பேச்சிமுத்து மூங்கில் ஊன்றக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாசல் எந்தப் பக்கம் வைக்கணும் டீச்சர்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது வாய் எழவில்லை. என் வாய் எழாமல் போனதை அந்த ஊர் முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்க மகளைக் கேளுங்க," என்றேன் கடைசியில்.

கருத்தம்மாள் பின்னாலேயே வந்திருந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்த பக்கத்தைக் காட்டினாள். "இங்கிட்டு வையிப்பா. அப்பத்தான் பாதையில போறவுகளுக்குத் தெரியாது."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தார். குழி ஏற்கெனவே முழங்கால் ஆழம் இருந்தது. "போதும் அண்ணாச்சி, நிக்கும்," என்றேன்.

"போதாது டீச்சர்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை ஓங்கினார். "இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்கணும். பிள்ளை அஞ்சாப்பு முடிக்கணும்லா."